சி பிளாக்கில் மிச்சமான கரண்ட்

மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இவேரெனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஐந்து வருடப் படிப்பை ஒன்பதாவது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் மக்கு என்பதால் அல்ல. வாத்தியார்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், திறப்பார்கள், அவசர அவசரமாக ஒரு பரீட்சை வைப்பார்கள், திரும்பவும் பூட்டுவார்கள். நைஜீரியாவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள் எத்தனை வருடப் படிப்பு என்று கேட்பதோடு நிறுத்த மாட்டார்கள். ஸ்டிரைக்கோடு சேர்த்து எத்தனை வருடம் என்றும் கேட்பார்கள்.

பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருடம் நாட்டுச் சேவைக்குப் போக வேண்டும். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கனத்த பூட்ஸ், தலையில் தொப்பி. ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அந்த வேஷத்தில் ஒரு பிள்ளையின் படம் தொங்கும். ஆனால் முப்பது வயது தாண்டிப் பட்டம் வாங்கினால் சேவை கிடையாது. உனக்கு விலக்கு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவேரெனுக்கு மார்ச் மாதம் முப்பது. இவளுக்குப் பிறகு பிறந்த தம்பி எப்போதோ போய்விட்டு வந்தாகிவிட்டது. அவன் துவைத்துக் காயப்போட்ட காக்கிக் கால்சட்டையை ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் சரியாக நின்றது. அன்றைக்கு அழுத அழுகையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஜனவரி. நாளைக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் ப்ராஜெக்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, காக்கி அவளுடையது. போடாவிட்டால் அவ்வளவுதான், திங்கள்கிழமை மறுபடி ஸ்டிரைக். வாத்தியார் சங்கம் கெடு வைத்துவிட்டது. திங்கள் தாண்டினால் எந்த மாதம் திறக்கும் என்று சொல்ல ஜோசியக்காரனுக்கும் தைரியம் வராது.

"ஏ இன்ஜினியரம்மா!" படிக்கட்டில் எதிரே இறங்கி வந்த போமா வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். சி பிளாக் பெண்கள் விடுதியின் தலைவி அவள். வாய்தான் அவளைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தது. "கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு ஏணியும் கையுமா அலைஞ்சியே, தண்ணியையும் சேர்த்தா மிச்சம் பிடிச்சுட்ட? குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? என் வாசனைக்கு என் ஆளே ஓடிப்போயிட்டான்."

"அவன் உன் வாய்க்குப் பயந்து ஓடியிருப்பான். தண்ணிக்கு என்னை ஏன் கேக்கற? பம்ப் பாபாவைப் போய்க் கேளு. வழிய விடுடி, கை அறுந்து விழுது."

ப்ராஜெக்ட் என்னவோ சாதாரணமானதுதான். வளாகக் கட்டடங்களில் வீணாகும் மின்சாரத்தைக் குறைப்பது. துறையில் வருடாவருடம் யாராவது இதை எடுப்பார்கள். பாதிப் பேர் முன்னால் படித்தவர்களின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி ஒப்படைத்துவிடுவார்கள். இவேரெனும் அவளுடைய கூட்டாளி டெர்சூவும் அப்படிச் செய்யவில்லை. அவள் தங்கியிருக்கிற சி பிளாக்கையே எடுத்துக்கொண்டு நிஜமாகவே வேலை பார்த்தார்கள். முதல் நாள் சுற்றி வந்தபோதே கண்ணில் பட்டது, கட்டடத்தில் ஒரு ஸ்விட்சுகூட அணைந்திருக்கவில்லை. நடைபாதை, குளியலறை, வெளிச்சுவர், அறைகள், எல்லா இடத்திலும் போட்டது போட்டபடியே கிடந்தது. பட்டப்பகலில் அத்தனை பல்பும் எரிந்துகொண்டிருந்தது.

இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ஸ்விட்சை அணைக்கிற பழக்கமே கிடையாது. வளாகத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் முறை வைத்துக் கரண்ட் விடுவார்கள். முறைக்கு ஒரு அட்டவணை உண்டு; அட்டவணைப்படி விட்டதாகச் சரித்திரம் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்விட்சை அணைத்து வைத்தால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? போகும்போது எரிந்த பல்பு வரும்போது தானாக எரிய வேண்டும். எரிந்ததை முதலில் பார்க்கிற வாய் "அப் நேப்பா!" என்று கத்தும். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். வாரியம் ஒழிந்து பல வருடம் ஆயிற்று, கத்தல் மட்டும் ஒழியவில்லை. அந்தக் கத்தலைக் கேட்டதும் கட்டடம் முழுக்க ஓட்டம்தான். ஒருத்தி இஸ்திரிப் பெட்டிக்கு ஓடுவாள், ஒருத்தி சார்ஜருக்கு, ஒருத்தி கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த ஹாட் பிளேட்டுக்கு.

இவேரெனும் இப்படிக் கத்தி வளர்ந்தவள்தான். ஆனால் கையில் மீட்டரை எடுத்ததும் அவளுக்குள்ளிருந்த படிப்பு விழித்துக்கொண்டு, இது வீண் என்று எழுதச் சொல்லியது. எழுதினாள். அவளும் டெர்சூவும் பொதுப் பல்புகள் அத்தனைக்கும் சென்சார் மாட்டினார்கள். பகல் வெளிச்சம் இருந்தால் எரியாது, இருட்டிய பிறகும் ஆள் நடந்தால்தான் எரியும். அறைகளுக்கு வார்டன் அம்மாவைப் பிடித்தார்கள். அந்த அம்மா, பூட்டிய அறையில் ஸ்விட்ச் போட்டுக் கிடந்தால் அபராதம் என்று கதவுக்குக் கதவு சொல்லிவிட்டாள். பாலைவனத்துக் குளிர்தூசியோடு ஹார்மட்டான் காற்று வீசுகிற மாதம் ஆனதால் ஃபேன் போடுகிற ஆளும் இல்லை. இரண்டு வாரம் மீட்டரைப் பார்த்துக் குறித்தார்கள். கட்டடம் செலவழிக்கிற மின்சாரம் சரிபாதியாக விழுந்திருந்தது.

பாதி! டெர்சூ மீட்டருக்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டமே ஆடினான். வழிகாட்டி ஓகிரி சார் ஒரு தரம் நம்பாமல் தானே வந்து பார்த்தார், பிறகு டீனிடம் சொன்னார். டீன் அதற்கும் மேலே சொன்னார்.

அதே இரண்டு வாரமாக சி பிளாக்கில் தண்ணீர் இல்லை. மேல்தொட்டி காய்ந்து கிடந்தது. பெண்கள் வாத்தியார் குடியிருப்புப் பக்கத்து ஆழ்குழாயில் வரிசையில் நின்று, வாளியைச் சுமந்து, மாடி ஏறினார்கள். இவேரெனின் அறைத் தோழி டூஷிமா படிக்கட்டில் வாளியோடு வழுக்கி விழுந்து கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. அதனால் அவளுக்கும் சேர்த்து இவேரென்தான் சுமந்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த இரண்டு விஷயமும் ஒரே தலைக்குள், சண்டை போட்ட அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போல, முகம் பார்க்காமலே குடியிருந்தன. களைத்துப்போன தலை அப்படித்தான் இருக்கும்.

வாளியை இறக்கி வைத்துவிட்டு இவேரென் நிமிர்ந்தாள். டூஷிமா கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் போன் நேத்தே செத்துப் போச்சே?"

"சார்ஜ் ஏறிடுச்சுக்கா. சும்மா செருகி வச்சிருந்தேன். தூங்கி எழுந்து பாத்தா முழுசா ஏறியிருக்கு."

"எப்ப வந்துச்சு கரண்ட்?"

"யாருக்குத் தெரியும்? யாரும் கத்தலையே."

இவேரென் அப்படியே நின்றாள். பிறகு போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினாள். நல்ல மத்தியானத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ, அப் நேப்பா!" என்று படுத்தபடியே கத்தினாள் டூஷிமா. கீழே எங்கோ ஒரு கதவு திறந்தது. "யாருடி கத்தினது? பொய்யா நிஜமா?" என்று ஒரு குரல் கேட்டது.

இவேரென் அதற்குள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

பம்ப் அறைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் பாபா ஜிப்ரின் பிளாஸ்டிக் நாற்காலியில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவர் இருப்பு அங்கேதான்.

"பாபா, பம்பைப் போடுங்க! கரண்ட் இருக்கு!"

"எங்க இருக்கு?" அவர் எழுந்திருக்கவில்லை. முகவாயால் பம்ப் அறையின் வெளிச்சுவரைக் காட்டினார். "பல்பு எரியலையே."

"அது எரியாது பாபா. பகல்ல எரியாத மாதிரி நாங்கதான்..." சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கி, அந்தப் பல்பில் தான் மாட்டிய சென்சாரைப் பார்த்தாள்.

"பல்பு வெள்ளையா எரிஞ்சா போடுவேன். மஞ்சளா எரிஞ்சா வோல்ட்டேஜ் கம்மி, தொட மாட்டேன். எரியலேன்னா சும்மா உக்காந்திருப்பேன். முன்ன ஒரு தரம் எவளோ வந்து போடு போடுன்னு கத்தினா, போட்டேன், மோட்டார் காயில் கருகிப் போச்சு. என் சம்பளத்துல பிடிச்சான். அதிலேருந்து எனக்கு இந்தப் பல்புதான் மேனேஜர். ரெண்டு வாரமா பகல்ல கரண்டே விடல இந்தப் பாவிங்க, நான் என்ன பண்ண?"

"விட்டாங்க பாபா. தினம் விட்டாங்க."

அவள் உள்ளே போய்த் தானே பம்ப் ஸ்விட்சை அழுத்தினாள். பம்ப் ஒரு தரம் உறுமியது, இருமியது, நின்றது. முறை முடிந்து கரண்ட் போய்விட்டிருந்தது. கட்டடத்திலிருந்து "சே!" என்று ஒரு பெருமூச்சு வந்தது.

இவேரென் பம்ப் பக்கத்தில் குந்தி, அதன் முதுகில் இருந்த தகட்டின் தூசியைத் துடைத்து, எத்தனை வாட் என்று படித்தாள். படிக்கத் தேவையே இல்லை. கட்டடத்துப் பல்புகள் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட இந்தப் பம்ப் ஒன்று அதிகம் தின்னும், முதல் வருடப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான். பாதி மிச்சமானது சென்சாரால் அல்ல, பம்ப் தூங்கியதால். பல்பை அணைத்ததில் மிச்சம் நூற்றுக்கு ஆறு இருந்தால் அதிகம். அதையும் அவர்கள் அளக்கவில்லை.

டெர்சூவை நூலக வாசல் கடையில் பிடித்தாள். அவன் நூடுல்ஸின் மேல் அவித்த முட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைவிட மூன்று வயது சின்னவன். சொல்லச் சொல்ல அவன் கை முள்கரண்டியோடு அந்தரத்தில் நின்றது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"பாபாவுக்கே இன்னும் முழுசாப் புரியல. டெர்சூ, அந்தப் பல்புலேருந்து சென்சாரைக் கழட்டணும். இப்பவே."

"கழட்டு. நாளைக்கு அந்தப் பேராசிரியர் வந்து பாக்கறப்ப வெறும் கம்பி தொங்கட்டும். இது என்னன்னு கேப்பார். என்ன சொல்லப் போற?"

"தண்ணி இல்லாம இருக்காங்கடா."

"ரெண்டு வாரமாவே இல்ல. இன்னும் ஒரு நாள் இல்லேன்னா செத்துட மாட்டாங்க. அக்கா, இங்க பாரு. நாம பொய்யா சொல்றோம்? மீட்டர் சொன்னதைச் சொல்றோம். நாளைக்குக் கையெழுத்து விழட்டும், மறு நிமிஷம் நானே ஏணியத் தூக்கிட்டு வரேன். உனக்கு எத்தனை வயசுன்னு எனக்கு மறந்துடல. உனக்கு மறந்துடுச்சா?"

அவளுக்கு மறக்கவில்லை. அதனால் ஓகிரி சாரிடம் போனாள். பெரியவர் ஒருவர் சொன்னால் மனசு சமாதானம் ஆகும் என்று நினைத்தாள்.

போன ஸ்டிரைக்கில் சம்பளம் நின்றபோது ஓகிரி சார் கோழி வளர்க்க ஆரம்பித்தார். அதை இன்னும் விடவில்லை. அவருடைய அறையின் மூலையில் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. துறையில் பாதிப் பேர் அவரிடம்தான் முட்டை வாங்குவார்கள். அவள் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"பம்ப்," என்றார் கடைசியில். "எனக்கும் தோணலையே. எங்க தெருவுல ஜெனரேட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. பல்பைப் பாத்துக் காத்திருந்ததெல்லாம் மறந்து போச்சு."

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஏம்மா, தேர்வாளர் எஃபியோம் சார் கலபார்லேருந்து அந்த ரோட்டு வழியா வர்றார். அது எந்த லட்சணத்துல இருக்குன்னு உனக்கே தெரியும். நாளைக்கு விட்டா திரும்ப வருவார்னு நினைக்கிறியா? திங்கள்கிழமை நாங்க வெளிய போயிடுவோம். நானும்தான் போவேன், ஆறு மாசச் சம்பளப் பாக்கி எனக்கு." அவர் கண்ணைத் திறந்தார். "பாதின்னு சொன்னது நீயா, மீட்டரா?"

"மீட்டர், சார்."

"அப்போ மீட்டர் சொன்னதைச் சொல்லு. போய்த் தூங்கும்மா. முகம் செத்துப் போயிருக்கு."

டெர்சூவும் இதைத்தான் சொன்னான். ஆனால் சார் சொன்னதும் அவளுக்கு அது நியாயம் போலவே பட்டது. ஒளித்துப் பேசி என்ன ஆகப் போகிறது, அவளுக்குக் காக்கி வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊர் அவளிடமிருந்து நாலு வருடத்தைத் தின்றது. பதிலுக்கு அவள் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறாள். அன்றிரவு கண்ணை மூடியதும் தூங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் பேராசிரியர் எஃபியோம் வந்தார். குள்ளமான, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர். எங்கள் பக்கத்துத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சி பிளாக்கைச் சுற்றிப் பார்த்தார், தலையைத் தூக்கி சென்சார்களைப் பார்த்தார், "சுத்தமான வேலை" என்றார். ஆழ்குழாயிலிருந்து வாளியோடு வந்த பெண்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். இவேரென் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வைவா துறைக் கூடத்தில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் தடதடத்தது. நடுவில் டீன், அவர் பக்கத்தில் வளாகப் பராமரிப்பு இயக்குநர், அந்தப் பக்கம் எஃபியோம், ஓரத்தில் ஓகிரி சார். டெர்சூ கடன் வாங்கிய கோட்டில் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். பாதி என்ற எண் பெரிதாக வந்தபோது பின்வரிசையில் கைதட்டினார்கள். எஃபியோம் சென்சாரைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டார், இவேரென் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்த நேரத்தில்தானா டீன் பேச வேண்டும்! எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு நல்ல சேதி. நம்ம பிள்ளைங்க செஞ்சது அலமாரியில தூங்கப் போறதில்ல. சி பிளாக்குக்குப் பாதி மின்சாரம் போதும்னு நிரூபிச்சுட்டாங்க. அதனால திங்கள்லேருந்து சி பிளாக்கோட முறையைப் பாதியாக் குறைக்கறோம். மிச்சமாகிற நேரம் புது விருந்தினர் மாளிகைக்குப் போகும். ஒவ்வொண்ணா எல்லா விடுதிக்கும் இதே சாதனத்தை மாட்டுவோம். இயக்குநர் இன்னைக்கே உத்தரவு போடறார்." பராமரிப்பு இயக்குநர் பெருமையாகத் தலையசைத்தார். மறுபடியும் கைதட்டல்.

இவேரென் திரையில் நின்ற அந்த எண்ணைப் பார்த்தாள். ஒரு நாள் வாயை மூடினால் போதும் என்றுதான் கணக்குப் போட்டு வந்தாள். இது ஒரு நாள் சமாசாரம் இல்லை. அவள் காக்கி மாட்டிக்கொண்டு எந்த மாநிலத்துக்கோ பஸ் ஏறிப் போய்விடுவாள். டூஷிமாவும் போமாவும் சி பிளாக்கின் முந்நூறு பெண்களும் இங்கேதான் இருப்பார்கள், பாதி கரண்டில், தண்ணீர் இல்லாமல், பல்பைப் பார்த்தபடி. எல்லா பிளாக்கிலும் அப்படியே. எஃபியோமின் பேனா தாளைத் தொடப் போனது.

"சார், பாதி இல்ல," என்றாள்.

டெர்சூ அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அந்த எண் தப்பு சார். மிச்சமானது பம்ப். பம்ப் ஓடல. கரண்ட் வந்ததே யாருக்கும் தெரியல, பகல்ல பல்பு எரியாத மாதிரி நாங்க பண்ணிட்டோம். பம்ப்காரர் பல்பைப் பாத்துத்தான் போடுவார். ரெண்டு வாரமா அந்தக் கட்டடத்துல தண்ணி இல்ல. நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது."

டீன் உட்கார்ந்தார்.

எஃபியோம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை அது. தும்மலும் இருமலும் கலந்து, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு.

"என் வீட்டுல ஹால் ஸ்விட்சை அணைச்சேன்னா என் பொண்டாட்டி என்னை வெளிய நிறுத்திடுவா," என்றார். "இவ்வளவு தூரம் வந்து மணிக்கணக்கா உக்காந்திருக்கேன். கரண்ட் வந்தது எப்படித் தெரியும்னு ஒரு கேள்வி எனக்கும் கேக்கத் தோணலையே." முகத்தைத் துடைத்தார். "சரி. நிஜமா எவ்வளவு மிச்சம்?"

"ஆறு சதவீதம் இருக்கலாம் சார். அளக்கல."

"ஆறுன்னாலும் பாஸ் போடுவேன். மூணுன்னாலும் போடுவேன். ஆனா அளந்த எண் ஒண்ணுகூட இதுல இல்லையே அம்மா. எதுல கையெழுத்துப் போடட்டும்? பம்ப் ஓடறப்ப ரெண்டு வாரம் மறுபடி அளந்து கொண்டா."

"திங்கள்கிழமை ஸ்டிரைக், சார்," என்றார் ஓகிரி மெதுவாக.

"அப்ப ஸ்டிரைக் முடிஞ்சதும்."

"அவங்களுக்கு மார்ச்ல முப்பது ஆகுது சார்!" டெர்சூவின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. "சேவைக்கு எடுக்க மாட்டாங்க. பெரிய மனசு பண்ணி ஒரு சி கிரேடாவது போடுங்க சார். என்னைத் தள்ளி வைங்க, பரவாயில்ல. அவங்களுக்குப் போடுங்க."

எஃபியோமின் சிரிப்பு போய்விட்டது. பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே டீனைப் பார்த்தார். டீன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலே சொன்னதை இனி மேலே போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. "மறுபடி செய்யட்டும்," என்றார் டீன். "உத்தரவு வேண்டாம், நிறுத்துங்க," என்று பக்கத்தில் இருந்த இயக்குநரிடம் முணுமுணுத்தார்.

"போன ஸ்டிரைக் எத்தனை மாசம்?" என்று எஃபியோம் கேட்டார். ஓகிரி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஃபியோம் தாளைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை மூடினார். "என்னை மன்னிச்சுடும்மா," என்றார்.

வெளியே வந்ததும் டெர்சூ கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"ஒரு கையெழுத்துக்கா," என்றான். "ஒரே ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே? அந்தாளு பேனாவை மூடினதும் சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம்தான். தோன்றவில்லை. அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று அவளைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். அவனுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று நினைத்து மனசைத் தேற்றப் பார்த்தாள். தேறவில்லை.

ஏணியைப் பாபா ஜிப்ரின் கொடுத்தார். அவள் ஏறி, திருப்புளியால் பம்ப் அறைப் பல்பின் சென்சாரைக் கழற்றி, பழையபடி கம்பியை நேராக முறுக்கினாள். கரண்ட் இல்லை. இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பாபா தன் வறுத்த வேர்க்கடலையில் பாதியை அவள் கையில் கொட்டினார். இருவரும் மென்றுகொண்டு சுவரைப் பார்த்திருந்தார்கள். கடலை தீர்ந்த பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பல்பு எரிந்தது. நல்ல வெள்ளை வெளிச்சம். பாபா ரேடியோவைக் கீழே வைத்தார், எழுந்தார், நிதானமாக உள்ளே போனார். பம்ப் உறுமியது. யார் கத்தினார்களோ தெரியாது, கட்டடம் முழுக்கக் கத்தியது.

அவள் மாடி ஏறுவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் ஏறியிருந்தது. வைவாவில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? ஆனால் அந்த வாய்கள் பாதியைத்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தன. நடைபாதை நிறைய வாளிகள். குழாயடியிலிருந்து போமா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"வாம்மா இன்ஜினியர்! பம்ப் பாபாவைக் கேக்கச் சொன்னியே, கேட்டேன். அவர் உன்னைக் கேக்கச் சொல்றார்! ரெண்டு வாரம் எங்களை நாற வச்சது நீதானாமே? இவளைப் படிக்க வச்ச ஸ்டிரைக்கே, உனக்கு ஒரு கும்பிடு!"

சிரிப்பு நடைபாதையின் அந்தக் கோடிவரை போனது. இவேரென் போமாவைத் தாண்டிக் குழாயடிக்குப் போனாள். டூஷிமாவின் வாளியை நிரப்பி அறைக்குள் கொண்டுபோய் அவள் கட்டில் பக்கத்தில் வைத்தாள். டூஷிமா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, கையெழுத்து?"

"இல்லடி."

டூஷிமா எழுந்து உட்கார்ந்தாள். தன் சோப்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். கிறிஸ்துமஸுக்கு வந்த வாசனை சோப்பு, யாரையும் தொட விட மாட்டாள்.

இவேரென் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுக்கத் திறந்தாள். வாளி நிரம்பியது. இரண்டு வாரமாக ஒரு குவளைத் தண்ணீரில் முகம், கை, கால் என்று பங்கு போட்டுக் கழுவியவள், முதல் குவளையைத் தலையோடு கொட்டிக்கொண்டாள். சில்லென்ற தண்ணீர். ஹார்மட்டான் தூசி செம்மண் நிறத்தில் காலடியில் ஓடியது. அவளுக்கு அழுகை வந்தது. குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் அடக்கவில்லை. காக்கிக்காக அழுதாள், டெர்சூவுக்காக அழுதாள், ஒன்பது வருடத்துக்காகவும் அழுதாள். அழுதுகொண்டே குவளை குவளையாக ஊற்றிக்கொண்டாள்.

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"உள்ள யாருடி? நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா? எவ்வளவு நேரம்?"

இவேரென் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்," என்றாள்.